அவள் எழுதிய பக்கங்கள்

ஐம்பதுகளின் கடைசியில் பூனாவில் இருந்தோம். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இதயம் பலவீனமாக இருக்கிறது, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீட்டில் நானே பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

ராணுவத்தில் எல்லைப் பக்கம் இருந்த அவள் அப்பா லீவில் வரும்போது காட்டுவதற்கு, இலைகளை ஒட்டி ஓர் ஆல்பம் செய்யச் சொன்னேன். அவளுக்கு எதிலும் அவசரம். மைதாப் பசையை அள்ளிப் பூசுவாள். மை காய்வதற்குள் பக்கத்தைத் திருப்புவாள். இலைக்குக் கீழே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இதையா அப்பாகிட்ட காட்டப்போற?" என்று தாளைக் கிழித்து பம்புக்குள் திணித்துவிடுவேன். வெந்நீர் போடும் செம்பு அடுப்புக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். பிறகு புதுத் தாளில் இலையை நேராக ஒட்டி, நானே அழகாக எழுதிவைப்பேன்.

"நீயே எழுதிக்கோம்மா" என்று அவள் ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

அந்த மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். தந்தி கிடைத்து அவர் வந்து சேர நான்கு நாளாயிற்று. வந்தவர் ஆல்பத்தைக் கேட்டார். ஒரு பக்கம் விடாமல் மெதுவாகத் திருப்பினார்.

"எல்லாம் உன் கையெழுத்தா இருக்கே. அவ எழுதினது எங்க?"

பம்பிலிருந்து அள்ளிய சாம்பலில் தினமும் பாத்திரம் தேய்த்தவள் நான்.