காலி லாக் ஃபைலுக்குக் கைதட்டல்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நானும் ஒரு திருநெல்வேலி நண்பனும் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தோம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஸ்டிக்கர் அடிக்கும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. அது தான் செய்வதையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் எர்ரர்கள். எங்கள் மேனேஜர் அந்த ஃபைலை, தன்னைப் பற்றி யாரோ எழுதிய மொட்டைக் கடிதாசி மாதிரி முறைப்பார்.

தலைமை அலுவலகத்துப் பெரிய தலைகள் வரவிருந்த வாரம், "இந்தக் குப்பைய வேற ஃபோல்டருக்குத் தூக்கிட்டு, அதே பேர்ல புதுசா ஒண்ணு வைங்க" என்றார். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நண்பன் அப்படியே செய்தான்.

புது ஃபைல் மறுநாளும் காலியாகவே இருந்தது. ஓர் எர்ரர்கூட இல்லை. மேனேஜர் வல்லக்கோட்டை முருகனுக்கு நன்றி சொன்னார். எங்களுக்குச் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் லைன் சூப்பர்வைசர் வந்தார். பக்கத்து ஊர் வடக்குப்பட்டுக்காரர். கை நிறைய ஸ்டிக்கர்களை மேஜையில் கொட்டினார்.

"இன்னா சார், பாதி ஸ்டிக்கர் வெள்ளையா வருது. நீங்க ஏசில குந்திகினு கீறீங்க?"

மேனேஜர் காலி ஃபைலைக் காட்டினார். "பாருங்க, எர்ரரே இல்ல."

"அப்ப நான் இன்னா கனவு கண்டுகினா வந்தேன்?"

நண்பனுக்குச் சந்தேகம் தட்டியது. பழைய ஃபைலைத் திறந்தவன், "ஏல, இங்க பாரு, எல்லாத்தையும் இதுலதாம்ல எழுதிட்டுக் கெடக்கு!" என்றான். எங்கள் கண்ணெதிரே அது வளர்ந்துகொண்டிருந்தது.

புரோகிராம் ஒருமுறை திறந்த ஃபைலின் பிடியை விடாது. நகர்த்தினாலும், ஏன் அழித்தே போட்டாலும், அதிலேயே எழுதும். நிறுத்தித் திரும்ப ஓட்டினால்தான் புதியதற்கு வரும். இதை மேனேஜருக்கு நான் விளக்கினேன். சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்: "லஞ்சுல நிறுத்திக்கோ. அதுக்கு முன்னாடி கை வெச்சே, அவ்ளோதான்."

லஞ்சில் நிறுத்தி ஓட்டினோம். காலி ஃபைல் மளமளவென்று நிரம்பியது. வரிக்கு வரி, பிரிண்டர் தொடர்பு அறுந்துபோகிறது என்ற புலம்பல். போய்ப் பார்த்தால், பிரிண்டர் கேபிள் மேல் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றியதும் ஸ்டிக்கர் பளிச்சென்று வந்தது.

"நல்லா இருந்த ஃபைலைக் கெடுத்துட்டீங்களேப்பா" என்றார் மேனேஜர், உண்மையான வருத்தத்தோடு.

பெரிய தலைகள் வந்தபோது, எர்ரரே இல்லாத அந்த நாட்களைத் திரையில் போட்டுக் காட்டினார். அவர்கள் கைதட்டினார்கள். நண்பன் மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினான். சிரிப்பு வெளியே கேட்டுவிடக்கூடாதே என்று நான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினேன்.