நாற்பத்திரண்டு நாள் கம்பி

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இரண்டே அறையில் இருபத்தாறு வருடமாக ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். ஊரில் அவருக்குப் பெயர் பட்டாசு டாக்டர். தினமும் காலைப் பூசை காணாமல் கிளினிக்கைத் திறக்க மாட்டார். சட்டைப் பையில் டார்ச்சும் ஜெபமாலையும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். ஆனால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவனை வாசல் வரை விரட்டித் திட்டுவார். மறுநாள் அவன் வீட்டுக்கே போய் ஊசி போட்டுவிட்டு வருவார்.

அன்று ஒரு பெண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே கையில் அந்த வருடத்தில் மூன்றாவது முறிவு. கட்டு காய்வதற்குள் புருஷன்காரன் உள்ளே பாய்ந்து, அவள் கொண்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு விலாவில் உதைத்தான். டாக்டர் ஓங்கி விட்டார் ஒன்று. தாடை எலும்பு முறிந்த சத்தம் அவர் காதிலேயே விழுந்தது. அவனைத் தூக்கிக் கிடத்தி, மரத்துப்போக ஊசி போட்டு, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியதும் அவரேதான். அடித்தபோது மனசுக்கு இதமாக இருந்ததே, அதுதான் அவரை அரித்தது.

சனிக்கிழமை கோயிலில் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னார்.

"உனக்கு ஜெபம் மட்டும் பரிகாரமா பத்தாதுப்பா," என்றார் பங்குச் சாமியார். "கம்பி எடுக்கிற வரைக்கும் தினம் நீயே போய் அவனுக்கு சூப் ஊட்டு."

"அவனுக்கா, சாமி?"

"பின்ன எனக்கா?"

ஆறு வாரம் போனார். ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னத்தோரம் செருகி சூப்பை இறக்குவார். அவன் அதை அவர் முகத்திலேயே உமிழ்வான். துடைத்துக்கொண்டு மறுபடி நிரப்புவார். "கை ஓங்கினா தாடை விலகிடும், அப்புறம் ஆயுசுக்கும் சூப்தான்" என்று மிரட்டி வைத்திருந்ததால் வீட்டில் அடி இல்லை.

கடைசி நாள் கிளினிக்கில் அவனுக்கு முன்பே அவள் துணிமணி அடைத்த பையோடு வந்து நின்றாள். "டாக்டர், அந்தக் கம்பியை இன்னும் கொஞ்ச நாள் விட்டு வைக்கக் கூடாதா?"

டாக்டர் குறடை எடுத்து வைத்தார். "எலும்பு கூடிடுச்சும்மா. இனிமே விட்டா அது வைத்தியம் இல்ல, தண்டனை."

கம்பியை எடுத்தார். அவன் தாடையை அசைத்துப் பார்த்தான். "வீட்டுக்கு நடடி" என்பதுதான் முதல் பேச்சு. அவள் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள். அவள் மேல் கையை ஓங்கிக்கொண்டு போனான். டாக்டர் குறுக்கே விழுந்தார். முதல் அடியில் கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. மூன்றாவதில் மருந்துத் தட்டோடு தரையில் சரிந்தார். வலக்கை தானாக முஷ்டியாக மடங்கியது. இடக்கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வைத்தியத்துக்காக வெளியே காத்திருந்த பணிமனை டிரைவர்கள் உள்ளே பாய்ந்தார்கள்.

"யாரும் அவனைத் தொடாதீங்க!" ரத்த வாயோடு தரையிலிருந்து கத்தினார் டாக்டர். "தாடை இப்பத்தான் கூடியிருக்கு!"

அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டார்கள். அவன் வாசலில் நின்று திரும்பி முறைத்தான்.

"நீ போ," என்றாள் அவள். "நாப்பத்திரண்டு நாள் அடி வாங்காம தூங்கிட்டேன். மறுபடியும் அதுக்குப் பழக என்னால முடியாது."

அவன் தனியாகத்தான் போனான்.