ஊற்றுகிற நட்டு

எங்கள் எதிர்வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டி டிரைவர். மற்ற மாதங்களில் வெளிமாநிலங்களில் துளை போடப் போய்விடுவார்; மழைக்காலத்தில்தான் எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் தங்குவார். யார் என்ன வேலை செய்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு கியர் ஆயிலை நானே மாற்ற இறங்கினேன். அடியில் படுத்து, ஆயிலை வடிக்கிற நட்டில் ஸ்பேனரை வைத்தேன்.

"ஏனுங்க, மொதல்ல ஊத்தற நட்டு கழலுதுங்களா?" என்றார், பக்கத்தில் வந்து நின்ற எதிர்வீட்டுக்காரர்.

எரிச்சலோடு எழுந்து, ஆயில் ஊற்றுகிற மேல் நட்டைத் திருகினேன். அசையவில்லை. பழைய ஆயிலை வடித்திருந்தால், புதியதை ஊற்ற வழியில்லாமல் கார் வாசலிலேயே கிடந்திருக்கும்.

அவர் வீட்டிலிருந்து ஒரு நீளக் குழாயைக் கொண்டுவந்து, ஸ்பேனர் பிடியில் செருகி ஒரு அழுத்து அழுத்தினார். நட்டு இளகியது. உடனே கை பின்னால் போய்விட்டது. "கீழ நீங்களே கழட்டுங்க. உங்க வண்டிங்க."

சாயங்காலம் கியர் மாறுவதே தெரியாமல் கார் ஓடியது. நேராக அவரிடம் போனேன். "அது இறுகியிருக்கும்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

"தெரியாதுங்க. ராய்ச்சூர்ப் பக்கம் ஒருக்கா கீழ மொதல்ல கழட்டிப்போட்டு, மூணு நாள் காட்டுலயே கெடந்தனுங்க."

மகள் கல்யாணத்தைச் சொல்வதுபோல் அத்தனை சந்தோஷமாகச் சொன்னார். என் தப்பு ஒன்றைக்கூட நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.