டிஸ்க்கில் வைத்த சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டுக் கதவருகே ஓர் ஆணியில் பழைய சைக்கிள் டிஸ்க் ஒன்று தொங்குகிறது. பிறேக் பிடிக்கும்போது இரண்டு கட்டைகள் வந்து கவ்வுமே, அந்த மெல்லிய இரும்பு வட்டம். அதன் துளைகளில் குங்குமம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் மெக்கானிக் அக்காவின் சிரிப்புத்தான் முதலில் காதில் விழும்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது, நூற்று முப்பது கிலோ. ரோட் பைக் என்கிற மெல்லிய ஓட்டச் சைக்கிள் வாங்கப்போகிறேன் என்றதும் டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடமே சிரித்தது. "உன்ர உடம்புக்கு உது தாங்குமோ?" என்று லிஃப்டில் கேட்காத ஆளில்லை. நானோ வாங்கியே விட்டேன். பிறிம்லி வீதி ஏரிக்கு இறங்கும் அந்தச் செங்குத்துச் சரிவில் ஒருதடவையாவது பறந்து இறங்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. புதுக் காருக்குச் செய்வதுபோல் சைக்கிளுக்கும் கோயிலில் பூசை செய்யவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். சில்லுக்கடியில் தேசிக்காய் நசுங்கியது. ஐயர் ஹாண்டிலில் வைத்த பொட்டு அம்மாவுக்குப் போதவில்லை. விளக்குக்கு எண்ணெய் விட்ட அதே கையால், பளபளத்த இரண்டு டிஸ்க்கிலும் சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டார். நானும் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் நடுச்சரிவில் இரண்டு பிறேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் அலறியதே தவிர நிற்கவில்லை. ஓரத்துப் புல்லில் விழுந்துதான் நின்றேன். முழங்கை உரசியது பெரிதாக வலிக்கவில்லை. லிஃப்டில் கேட்டவர்கள் சொன்னதுதான் சரி என்று தோன்றியது; அதுதான் வலித்தது.

விற்றுவிடுவோம் என்று பார்க்டேலில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். அங்கே மெக்கானிக்காக இருந்தவர் மதுரைக்காரி. என்னைவிட வயதில் குறைவு, ஆனாலும் எல்லோருக்கும் அவர் அக்காதான். குனிந்து டிஸ்க்கை மோந்து பார்த்தார். "என்னங்க இது, பிரேக்குல கோயில் வாசன வருது?" விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எண்ணெ பட்டா ஒல்லியான ஆளுக்கும் நிக்காதுங்க. உங்க வெயிட்டுக்கு டிஸ்க்கும் சின்னது. இதுல உங்க மேல என்ன தப்பு?"

என் உடம்பைப் பற்றி அப்படி ஒருவரும் பேசியதில்லை. விற்கிற எண்ணத்தை விட்டுவிட்டு, சைக்கிளைத் திருத்தித் தரச் சொன்னேன்.

எண்ணெய் குடித்த பிறேக் கட்டைகளைத் தூக்கி எறிந்தார். முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க்கும் பின்பக்கத்துப் பிறேமும் இடம்கொடுத்த அளவுக்குப் பெரிய டிஸ்க்குகள் போட்டார். அவற்றுக்குப் பொருந்துகிற, சூடு தாங்கும் உலோகக் கட்டைகள் வந்தன. பிறேக் திரவம் ஓடும் குழாயில் இருந்த காற்றையும் எடுத்தார். அதன்பின் கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் என்னை இருபது தடவை ஓடவிட்டார். வேகமெடுத்து, முழுதாக நிற்காமல் மெல்லக் குறைக்கவேண்டும். அப்போதுதான் கட்டையும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகுமாம். "சரிவுல தேச்சுக்கிட்டே வராதீங்க, சூடாயிரும். நல்லா அழுத்திப் பிடிங்க, விடுங்க, மறுபடி பிடிங்க." கிளம்பும்போது பழைய டிஸ்க் ஒன்றை என் கையில் தந்தார். "இது அம்மாவுக்கு. எவ்ளோ வேணாலும் பொட்டு வெக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை! காது இரைய, சேட்டு காற்றில் உப்ப, பிறிம்லிச் சரிவில் இறங்கினேன். பிடித்தேன், விட்டேன், பிடித்தேன். கீழே வெள்ளைக் கோட்டில், சொல்லிவைத்ததுபோல் முன்சில்லு நின்றது. ஏரியைப் பார்த்து வாய்விட்டுக் கத்தினேன். நாயோடு நடந்துபோன ஒரு கிழவர் கைதட்டினார்.

அக்கா பிறகு வேறு நகரத்துக்குப் போய்விட்டார். எனக்கு இன்றைக்கும் அதே நூற்று முப்பது கிலோதான். டொக்டருக்கு அது தீராத மனக்குறை. ஆனால் சரிவில் இறங்காத ஞாயிறு எனக்கு அபூர்வம்.

இன்று காலையும் ஆணியில் தொங்கிய டிஸ்க்குக்கு அம்மா பொட்டு வைத்தார். "பிறேக் பிடிக்குமோடா?" என்று வழக்கம்போல் கேட்டார். "ஓம் அம்மா, பிடிக்கும்" என்றேன். உடனே குசினிக்குப் போய், சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, அதன்பிறகுதான் என் சைக்கிளைத் தொட்டார்.