விஜிதா கெடுத்துப் பார்த்த கோப்பு

பதுளை கடைவீதியில் இத்ரூஸ் திறக்கவிருந்த கணினி நிலையத்தில் எல்லாம் தயார். மேசை, நாற்காலி, வரிசையாகக் கணினிகள், வாசலில் பளபளவென்று பெயர்ப்பலகை. இணையம்தான் வரவில்லை! இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. அதை எல்லாருக்கும் பங்கிடப் பின்னறையில் ஒரு கணினியை ப்ராக்ஸி சேர்வராக வைத்திருந்தார்கள். முன்னறைக் கணினிகள் எதைக் கேட்டாலும் அதனிடம்தான் கேட்க வேண்டும். அது வெளியே போய் வாங்கிவந்து கொடுக்கும். அதுவோ யார் கேட்டாலும் "அனுமதி இல்லை" என்று ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு விஜிதாவின் தலையில். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பள்ளியில் உயர்தரம் முடித்து, பதுளையில் கணினி படித்தவள். இரண்டாயிரத்து நான்கில் இத்ரூஸிடம் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழம தொறக்கிறதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்," என்றார் இத்ரூஸ். "அதுக்குள்ள சரிவந்தா ஒனக்கு நிரந்தர வேல. வராட்டி கொழும்புலேந்து ஆள் எடுக்கத்தான் வேணும். கோவிச்சுக்காத."

"சரிவரும் நானா," என்று அண்ணன் முறை வைத்தே சொன்னாள். எப்படி வரும் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டில் அதைவிட நெருக்கடி. அம்மா பெரியாயி அந்த மாதத்தோடு கொழுந்து வேலையிலிருந்து நிற்கிறாள். அப்பா இல்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் தொல்லையில்லாமல் குடியிருக்கலாம். கங்காணி மாடசாமி வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"பெரியாயி, வெள்ளிக்கிழம காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுல ஒம் மக பேரக் குடுத்துரு. பொட்டப்புள்ளைக்கு டவுன்ல என்னா வேல?"

உள்ளேயிருந்து கேட்ட விஜிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழுந்து பறிப்பதை அவள் கேவலமாக நினைத்தவளல்ல. அந்தக் கொழுந்தில்தான் அவள் படித்தாள். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் பேரைக் கொடுக்க இவர் யார்? வேலை நிரந்தரமானால் பதுளையில் ஓர் அறை எடுத்து அம்மாவைக் கூட்டிப்போய்விடலாம். ஆகாவிட்டால்? அதை நினைக்கவே அவள் மறுத்தாள்.

ப்ராக்ஸி மென்பொருளை யாரோ முன்கூட்டியே கட்டிவைத்த பொதியாக, குறுந்தட்டிலிருந்து அப்படியே நிறுவியிருந்தாள். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பதெல்லாம் அதன் அமைவுக் கோப்பில் எழுதப்படும். கோப்பு எங்கே இருக்கும்? கையிலிருந்த புத்தகம் ஓர் அடைவின், அதாவது கோப்புறையின், பேரைச் சொன்னது. போய்ப் பார்த்தால் அப்படி ஓர் அடைவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். இவள் தோட்டத்துப் பிள்ளையாயிற்றே! மேலே இருந்து உத்தரவு வந்தால் ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்து முடிக்கும் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. இல்லாத அடைவைத் தானே உண்டாக்கினாள், கோப்பையும் உண்டாக்கினாள், புத்தகம் சொன்ன வரிகளையெல்லாம் எழுத்துப் பிசகாமல் எழுதினாள். சேர்வரை நிறுத்தித் தொடங்கினாள். அனுமதி இல்லை. வரிகளை மாற்றினாள், மறுபடி தொடங்கினாள். அனுமதி இல்லை! வாரம் முழுக்க இதே கூத்து. மண்டை காய்ந்துபோனது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்கியது. "கேக்க மாட்டியா நீ? இந்தா, இதையும் சேத்து முழுங்கு!" என்று கோப்பின் தலையிலேயே வாய்க்கு வந்ததையெல்லாம் தட்டினாள். அசல் தோட்டத்து வசவு, இங்கே எழுத முடியாது. அப்படியே தொடங்கிவிட்டாள்.

சேர்வர் சமர்த்தாக எழுந்து நின்றது. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

விஜிதா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இவ்வளவு குப்பையைப் படித்திருந்தால் அது கத்தியிருக்க வேண்டாமா? அப்படியானால் இந்தக் கோப்பை அது படிக்கவே இல்லை! தோட்டத்தில் மேற்கணக்குப் பிரிவு ஆட்களுக்கான உத்தரவைக் கீழ்க்கணக்குப் பிரிவின் பெரட்டில் போய்க் கூவினால் யார் காதில் விழும்? வாரம் முழுக்க அவள் செய்தது அதைத்தான்.

புத்தகத்தை மூடித் தள்ளிவைத்தாள். அது மூல நிரலிலிருந்து தாமே உருவாக்கி நிறுவுபவர்களுக்காக எழுதப்பட்டது. பொதியைக் கட்டியவர்களோ கோப்பைத் தங்கள் வழக்கப்படி வேறிடத்தில் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் பொதியையே கேட்க வேண்டியதுதானே? நீ எந்த அமைவுக் கோப்பை எங்கே கொண்டுவந்து வைத்தாய் என்று ஒரே கட்டளையில் கேட்டாள். பதில் உடனே வந்தது. ஈடிசி என்ற அடைவுக்குள், மென்பொருளின் பேரிலேயே ஒரு தனி அடைவு. அதற்குள் யார் கையும் படாமல் உட்கார்ந்திருந்தது அசல் கோப்பு. அதில் தன் வரிகளை எழுதினாள், வசவை விட்டுவிட்டு. தொடங்கினாள்.

முன்னறையில் இத்ரூஸ் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். "வந்துட்டு தங்கச்சி! எல்லாத்துலயும் வந்துட்டு! கொழும்புக்காரன வராதன்னு சொல்லிர்றேன். நீதான் இனி இங்க."

சாயங்காலம் லயத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அம்மா, வேல நிரந்தரமாயிருச்சு! வா, கங்காணிகிட்டப் போயி எம் பேர எழுத வேணாம்னு சொல்லிருவோம்."

"காலையிலேயே சொல்லிட்டேன்," என்றாள் பெரியாயி. "பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்பதான் சொன்னேன். எம் மக பேரு கெடையாது, காம்பரா வேணும்னா எடுத்துக்கங்கன்னு."

"காலையிலயா? காலையில எனக்கே தெரியாதேம்மா, சரிவரும்னு!"

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

"வேல கெடைக்காம போயிருந்தா எங்கம்மா போயிருப்போம்?"

"எங்கயாச்சும் போயிருப்போம்," என்று பெரியாயி மூலையைக் காட்டினாள். சட்டி, பானை, துணிமணி எல்லாம் சாக்கில் கட்டித் தயாராக இருந்தன.

வாரம் முழுக்கக் கலங்காதவள் அப்போதுதான் உடைந்து அழுதாள்.

"அழுதது போதும்," என்றாள் பெரியாயி. "சோறாக்கணும். அந்தச் சாக்க அவுத்து சட்டிய எடு."