கலங்கிய முதல் தண்ணீர்

தென்னைகளை எல்லாம் வேரோடு சாய்த்த புயல் அடித்ததே, அதற்கு மறு வருடம்தான் மகள் செல்வி என்னை நெதர்லாந்துக்குக் கூட்டிவந்தாள். நான் கைநாட்டு, சொல்லச் சொல்ல மருமகன் எழுதுகிறார். இந்த ஊரும் நம் டெல்டாவின் குத்தாலம் பக்கம் போல மேடு பள்ளம் இல்லாத பூமிதான், எங்கே திரும்பினாலும் வாய்க்கால். ஆனால் இங்கே கடல் தினமும் எழுந்து எங்கோ போய்விடுகிறது. காலையில் அலை அடித்த இடத்தில் மத்தியானம் வெறும் மணல் கிடக்கிறது. அது இன்னும் எனக்குப் பழகவில்லை.

செல்விக்கு அந்த மணலில்தான் வேலை. வயலில் போடும் உரம் கரைந்து கடலுக்கு வந்து சேருகிறது. சேர்ந்தால் பாசி மண்டி மீன் சாகும். மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருந்துகொண்டு, அந்த உரத்தின் நைட்ரஜனை வெறும் காற்றாக்கி விட்டுவிடுகின்றனவாம். எவ்வளவு என்று அளக்க, கண்ணாடி மாதிரிக் குழாயை இறக்கி மணலும் தண்ணீருமாக எடுத்து, எவ்வளவு காற்றாகிறது என்று பின்னால் கண்டுபிடிக்க அடையாளம் வைத்த உப்பைக் கலந்து, காற்றுப் புகாமல் மூடி வைக்கிறாள். கப்பல் போக அந்த இடத்தைத் தோண்டுவதாக இருந்தார்கள். மணல் செய்யும் வேலையை முன்னாலேயே அளந்து காட்டினால், தள்ளித் தோண்டச் சொல்லலாம் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். மறுநாள் தோண்டும் எந்திரம் வருகிறது. கூட வேலை செய்யும் ஹென்க்கும் அவளும் வண்டிக்குச் சாமான் எடுக்கப் போனார்கள். நான் குழாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழாய்க்குள் மணலுக்கு மேலே தண்ணீர் கலங்கி நின்றது.

என் இளவயதில், நம் ஊரில் ஆட்சி மாறிய புதிது, சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு. கூலி நெல் கூட்டிக் கேட்டு அறுப்பை நிறுத்தினோம். பண்ணையார் வெளியாட்களை இறக்கினார். எங்கள் தெருவுக்குக் கிணறும் இல்லை என்றார். அப்போதுதான் கல்யாணமாகி வந்த என் மனைவி அஞ்சலை, வற்றிய ஆற்று மணலைக் கையால் பறித்து ஊற்றுப் போட்டாள். “கலங்கலை எறைச்சு ஊத்துங்க. ஊறட்டும், என்ன அவசரம்?” என்று கொட்டாங்குச்சியை என்னிடம் நீட்டுவாள். கூலி படிந்து அறுப்புக்கு இறங்கும்வரை அந்தத் தண்ணீர்தான் தெருவைக் காப்பாற்றியது. பிறகு உச்சவரம்பில் எங்களுக்கும் கொஞ்சம் நிலம் வந்தது. பிறகு லாரிகள் வந்தன. களிமண் தட்டும்வரை ஆற்றை அள்ளினார்கள். சாகக் கிடந்தபோது அஞ்சலை ஊற்றுத் தண்ணீர் கேட்டாள். செல்வி கேன் தண்ணீரை ஊற்றினாள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது இல்லடி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் கை தானாகப் போயிற்று. மூடியைத் திறந்து, டீ குடித்த கப்பால் கலங்கலை இறைத்துக் கீழே ஊற்றினேன்.

ஹென்க் வந்தவன் என் கையில் இருந்த கப்பையும் குழாயையும் பார்த்தான். குடிக்கிற மாதிரிச் சைகை காட்டி ஏதோ கேட்டான். டீ குடித்தாயிற்றா என்கிறான் என்று நினைத்து, ஆச்சு என்று தலையாட்டினேன். அவன் முகம் வெளுத்துப்போய் போனை எடுத்தான். செல்வி ஓடிவந்தாள்.

“அப்பா, அதையா குடிச்சீங்க?”

“டீதாம்மா குடிச்சேன். இது மொதத் தண்ணி, கலங்கலா கெடந்துச்சு. எறைச்சு ஊத்திட்டேன்.”

அவள் ஹென்க்கிடம் ஏதோ சொன்னாள். அவன் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் கொட்டிய கலங்கலில்தான் அவள் தேடியது இருந்திருக்கிறது.

“இன்னொண்ணு எடுத்துக்கலாம்லம்மா?”

“கடல் ஏறிடுச்சுப்பா. நாளைக்கு இங்க மணலே இருக்காது.”

என்னைத் திட்டவில்லை. ஈர மணலிலேயே உட்கார்ந்து குழாயை மடியில் வைத்துக்கொண்டாள். “அம்மா மாதிரியே செஞ்சிருக்கீங்க” என்றாள். தண்ணீர் எங்கள் காலை நனைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

எந்திரம் வந்து தோண்டிவிட்டுப் போயிற்று. கடல் விலகும்போது நான் இப்போதும் கரைக்குப் போகிறேன். மிச்ச மணலில் கையால் பறித்தால் நம் ஆற்றில் ஊறுகிற மாதிரியே ஊறுகிறது. வாயில் வைத்தால் உப்பு.

நம் ஊர்ப் பாலத்துக்குக் கீழே, மேலக்கரை ஓரமாகக் கொஞ்சம் மணல் லாரிக்குத் தப்பிக் கிடப்பதாகத் தம்பி மகன் போனில் சொன்னான். மாசியில் தண்ணீர் வடிந்ததும் செல்வி குழாயோடு அங்கே வருகிறாள். இதைப் படிக்கிறவர்கள் எங்கள் தெருவில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: அவள் வந்து அளக்கும்வரை அந்த மணலில் யாரும் கை வைக்க வேண்டாம்.