நீலக் கோடு போட்ட பைன் பலகை

என் மேசையில் ஒரு பைன் பலகைத் துண்டு கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான். அறுத்த முனையில் வில் வில்லாக வளையங்கள். அவற்றில் ஒன்றின்மேல் நீலப் பேனாவால் இழுத்த கோடு. வீட்டுக்கு வருகிறவர்கள் டீ டம்ளரை அதன்மேல் வைக்கப் போனால் பதறிப்போய் எடுத்துவிடுவேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் முகத்தை நானே பார்க்க வேண்டிவரும்.

அதைக் கொடுத்தவள் என் அறைத்தோழி. தென்காசிப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு ஒரே வேனில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். மண்ணூரில் விடுதி, ஆறு பேருக்கு ஓர் அறை. விடுதி விட்டால் கம்பெனி பஸ், பஸ்ஸை விட்டால் லைன். ஞாயிற்றுக்கிழமை ஒரு சோப்பு வாங்கப் போவதென்றாலும் வார்டனின் நோட்டில் எழுத வேண்டும். வெளிநாட்டிலிருந்து இயந்திரப் பாகங்கள் வரும் மரப்பெட்டிகளைப் பிரிப்பது எங்கள் வேலை. அந்தக் கூடத்துக்கு சன்னலே கிடையாது. வெளியே மழை பெய்ததா, வெயில் கொளுத்தியதா என்பது ஷிப்டு முடிந்து வாசலுக்கு வந்தால்தான் தெரியும்.

நாங்களெல்லாம் பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்போம். தாவரவியல் படித்தவளாயிற்றே, அவள் பெட்டியைப் பார்ப்பாள். உடைந்த பலகையின் முனையைத் துப்பட்டாவால் துடைத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். வளரத் தொடங்கும்போது வெளிர் பட்டை, வளர்ந்து முடியும்போது கருத்த கோடு. இரண்டும் சேர்ந்தால் மரத்துக்கு ஒரு வயது. குளிர் மலையின் உச்சியில் நிற்கும் பைனுக்கு வெயில்தான் பஞ்சமாம். சூடான வருடத்தில் அதன் வளையம் பருக்கும். அதே மலையின் வறண்ட அடிவாரத்தில் நிற்பதற்குத் தண்ணீர் பஞ்சம். அந்தச் சூடான வருடமே அதை ஒடுக்கிவிடும். “ஒரே மல, ஒரே வருசம். மேல நிக்கது கொழுக்கும், கீழ நிக்கது காயும். எந்திரிச்சு வேற எடத்துக்குப் போவ முடியாதுல்லா!” என்று சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

பைன் காடுகளில் மரங்களின் வளர்ச்சியை அளந்து குறிக்கும் வேலைக்கு அவளுக்குக் கொடைக்கானலிலிருந்து நேர்காணல் கடிதம் வந்தது. அறைக்குள் குதித்துக் கட்டிலில் இடித்துக்கொண்டாள். புதன்கிழமை காலையில் அங்கே இருக்க வேண்டும். செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு வெளியே விட்டால் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ, அங்கே நெடுஞ்சாலையில் கொடைக்கானல் போகும் மாலை பஸ். எல்லாம் கணக்காகப் போட்டு வைத்திருந்தாள். எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. லீவு கேட்பவர் பெயருக்குப் பக்கத்தில், “அவர் இடத்தில் நான் நிற்கிறேன்” என்று இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கேட்பதற்கு முன்பே நான் போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைத் தனியாக அழைத்தார். வல்லம் ஊர்க்காரர், நல்ல மனிதர்தான். “இன்னாமா, நாளைலருந்து நீதான் லைன் லீடர். லோடு வந்துகினே கீது. ஒரு ஆளு கூட கொறையக் கூடாது, பாத்துக்கோ” என்றார். லைன் லீடர் இன்னொருவர் இடத்தில் நிற்க முடியாது. என் கையெழுத்து அந்த நிமிடமே செல்லாமல் போயிற்று. அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தால் வேறு யாரையாவது கெஞ்சிப் பிடித்திருப்பாள். நான் சொல்லவில்லை. லீடர் ஆகிவிட்ட சந்தோஷம், முதல் நாளே ஆள் குறைந்தால் என்ன நினைப்பாரோ என்ற பயம். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் பஸ்ஸில் சான்றிதழ்ப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

மதியம் வெளியேறும் பாஸை நீட்டினாள். லைன் லீடர் கையெழுத்துப் போடாமல் கேட்டில் விடமாட்டார்கள்.

“ஒன் எடத்துல நிக்க ஆளு இல்லட்டி. இன்னைக்கு முடியாது” என்றேன்.

“நீ நிக்கேன்னியே?”

பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது. அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போனாள். அந்த வருடக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அறையைக் காலி செய்த காலையில் என் தலையணைமேல் இந்தப் பலகை இருந்தது. இருப்பதிலேயே ஒல்லியான வளையத்தின்மேல் நீலக் கோடு.

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாளாம், அங்கேயும் பெட்டி பிரிப்பதுதானாம். தலையில் இரண்டு மூன்று நரை. மலைக்கு ஒருமுறையாவது போனாயா என்று நான் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்: “அந்தப் பலக வச்சிருக்கியாட்டி?”

“இருக்கு.”

“கோடு போட்டதுக்கு அடுத்த வளையம் எப்படி இருக்கு? நான் பாக்காமலே குடுத்துட்டேன். பருத்திருக்கான்னு பாத்துச் சொல்லு.” சட்டென்று என் நம்பரை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பலகையைத் துடைத்து விளக்கடியில் பிடித்தேன். இத்தனை வருடம் நீலக் கோட்டை மட்டுமே பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்து ரம்பம் போன தடம்தான் இருக்கிறது. பலகை அங்கேயே முடிந்துவிட்டது. நேற்று அவள் இரண்டு முறை அழைத்தாள். நான் எடுக்கவில்லை.